பி.காம். படித்தால் என்ன வேலை? நந்தனத்தில் ஒரு நாள் சுற்றியதில் கிடைத்த பதில்!

சென்னை, ஜூன்.-

மெட்ரோ ரெயிலில் தினமும் போகிறீர்கள். நந்தனம் வருகிறது. அடுத்து தேனாம்பேட்டை. அதற்கும் அடுத்து "ஏ.ஜி.-டி.எம்.எஸ்." என்று அறிவிப்பு வருகிறது.

டி.எம்.எஸ். என்றதும் பாடகர் டி.எம்.சவுந்தரராஜனை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது மருத்துவத் துறை ஆபீஸ். சரி, ஏ.ஜி. என்றால் யார்?

ஏ.ஜி. என்றால் அக்கவுண்டன்ட் ஜெனரல். தமிழில் மாநிலக் கணக்காயர். சர்க்கார் கணக்குக்கே கணக்குப் பார்க்கிறவர். 2018-ம் ஆண்டு மே மாதம் இந்தப் பாதையில் ரெயில் ஓடத் தொடங்கியதில் இருந்து, ஒரு கணக்கு ஆபீசின் பெயரை நாம் தினமும் காதில் கேட்டுக்கொண்டுதான் போகிறோம்.

எனக்கே இது போன வாரம்தான் தெரியும். தெரிய வைத்தவன் என் தம்பி.

அம்மா கேட்ட கேள்வி

நான் எழுதுவது பெரும்பாலும் போலீஸ் செய்தி. சங்கிலிப் பறிப்பு, பூட்டு உடைப்பு. இல்லாவிட்டால் தண்ணீர் வராத தெரு, மூடாத பள்ளம். படிப்பு விஷயம் என் பேட்டை அல்ல. நானே பிளஸ்-2வோடு நின்றவன்.

தம்பி இந்த வருஷம் பிளஸ்-2 முடித்தான். காமர்ஸ் குரூப். நந்தனம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்துவிட்டது.

அதே வாரம் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தும் கூப்பிட்டார்கள். பில் போடுகிற வேலை. மாதச் சம்பளம். மதியச் சாப்பாடும் உண்டு. நாளைக்கே வரச் சொன்னார்கள்.

வீட்டில் பெரிய விவாதம். வீட்டு வாடகை இருக்கிறது. அப்பா இல்லை. இரண்டு கை சம்பாதித்தால் வீட்டுக்குச் சவுகரியம்தான்.

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மூணு வருஷம் படிச்சா மட்டும் என்னடா வேலை கிடைக்கும்? ஊர்ல எந்தத் திருடனை எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காங்கன்னு தெரியுது. இது தெரியாதா உனக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் நந்தனத்தில் இறங்கினேன். சாயங்காலம் வரை சுற்றினேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

ஒரே ரோட்டில் மூன்று இடம்

நந்தனம் என்ற பெயரே ஒரு கணக்கில் வந்ததுதான். வருஷக் கணக்கு! 1952-ம் ஆண்டு சித்திரையில் பிறந்த தமிழ் வருஷத்தின் பெயர் 'நந்தன'. அப்போது முதல்-மந்திரியாக இருந்த ராஜாஜி, இங்கே எழுந்த புதுக் குடியிருப்புக்கு அந்தப் பெயரையே வைத்தார் என்பார்கள்.

அண்ணா சாலையில் அரசு கலைக் கல்லூரி. வாசலில் மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு அப்பாக்களும் அம்மாக்களும் நின்றார்கள். காமர்ஸ் பாடத்துக்கு எப்போதுமே கிராக்கி. முன்பெல்லாம் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கிடைக்காதவன்தான் பி.காம். சேருவான் என்று கேலி பேசுவார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது.

அங்கிருந்து அதே அண்ணா சாலையில் கால்நடை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் போனால் ஒரு பெரிய கட்டிடம். ஒருங்கிணைந்த நிதித் துறை வளாகம். 2021-ம் ஆண்டு டிசம்பரில் இதற்கு 'பேராசிரியர் க.அன்பழகன் மாளிகை' என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? கருவூலக் கணக்குத் துறை. சர்க்கார் ஊழியரின் சம்பளப் பட்டியலும் ஓய்வூதியமும் இந்தத் துறையின் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையும் இங்கேதான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் ஆகியவற்றின் செலவுகளைத் துருவிப் பார்க்கிறவர்கள் இவர்கள். உங்கள் தெருவில் போட்ட ரோட்டுக்கு எழுதிய பில் சரியா என்று பார்ப்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸ். இதில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவு மாநில அரசின் கணக்கைத் தொகுத்து எழுதும். பழைய சர்க்கார் ஊழியர்களின் ஜி.பி.எஃப். கணக்கு இங்கேதான் இருக்கிறது. இன்னொரு பிரிவு தணிக்கை. இவர்களுக்கு மேலே டெல்லியில் இருப்பவர் இந்திய தணிக்கை அதிகாரி. அரசியல் சட்டத்தின் 148-வது பிரிவில் இருந்து 151-வது பிரிவு வரை அவர் பதவியையும் வேலையையும் பற்றியதுதான். அவரைச் சுலபத்தில் பதவியில் இருந்து நீக்க முடியாது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை நீக்குவதற்கு என்ன முறையோ அதே முறைதான் அவருக்கும்.

கல்லூரி, கஜானா, தணிக்கை. மூன்றும் ஒரே ரோட்டில். பையன்கள் படித்துவிட்டு வெளியே வருகிற வாசலுக்குப் பக்கத்திலேயே, அந்தப் படிப்பு செய்கிற வேலையும் இருக்கிறது!

படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

மூன்று வருஷம். ஆறு செமஸ்டர். நிதிக் கணக்கியல், அடக்க விலைக் கணக்கியல், கம்பெனிக் கணக்கு, கம்பெனிச் சட்டம், வங்கி, புள்ளியியல், வருமான வரி, தணிக்கை, ஜி.எஸ்.டி., கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது. இப்படிப் போகிறது பாடம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். இரட்டைப் பதிவு முறை.

டீக்கடைக்காரர் ரொக்கமாக 4,000 ரூபாய் கொடுத்து ஒரு அடுப்பு வாங்குகிறார் என்று வையுங்கள். கல்லாவில் 4,000 குறைந்தது. அது ஒரு பதிவு. கடையில் 4,000 ரூபாய் பெறுமான அடுப்பு சேர்ந்தது. அது இன்னொரு பதிவு. இரண்டு பக்கமும் கூட்டினால் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. இல்லாவிட்டால், எவனோ கை வைத்திருக்கிறான்.

இத்தாலி நாட்டில் வெனிஸ் நகரத்தில் 1494-ம் ஆண்டு லூக்கா பச்சியோலி என்ற சாமியார் இந்த முறையை விளக்கிப் புத்தகம் அச்சிட்டார். வெனிஸ் வியாபாரிகள் அதற்கு முன்பே இப்படித்தான் எழுதி வந்தார்கள்.

நமக்கும் இது புதுசு அல்ல. பர்மா, மலாயா வரை வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் 'பேரேடு' எழுதினார்கள். 'ஐந்தொகை' போட்டு கணக்கைச் சரி பார்த்தார்கள். செட்டியார் வீட்டுப் பையன் சின்ன வயசிலேயே கடைக்குப் போய் அடுத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பழகினான். பள்ளிக்கூடத்தில் 'டெபிட், கிரெடிட்' என்று படிப்பதை நம் ஊர் மளிகைக் கடையில் 'பற்று, வரவு' என்கிறார்கள். கடனுக்குச் சரக்கு எடுத்தால் உங்கள் பேரில் பற்று. பணம் கட்டினால் வரவு. அவ்வளவுதான்!

இந்தக் கல்வியைக் கையில் எடுத்ததில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1886-ம் ஆண்டு பச்சையப்பன் அறக்கட்டளையினர் சென்னையில் வணிகப் பள்ளி தொடங்கினார்கள். நாட்டின் முதல் வணிகப் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள். பம்பாயில் சிடன்ஹாம் காமர்ஸ் கல்லூரி வந்தது 1913-ல்தான்.

பூட்டை உடைக்காத திருட்டு

எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பூட்டை உடைத்தவன் தடயம் வைப்பான். கைரேகை இருக்கும். காமிராவில் முகம் இருக்கும். கணக்கில் திருடுகிறவன் கதவைத் தட்டிக்கொண்டு காலை 9 மணிக்கு வருவான். சாயங்காலம் "வர்றேன் முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு பழைய தந்திரம். முதல் வாடிக்கையாளர் கட்டிய 5,000 ரூபாயைக் காசாளர் பையில் போட்டுக்கொள்கிறார். மறுநாள் இரண்டாவது ஆள் கட்டிய 5,000 ரூபாயை முதல் ஆள் பேரில் வரவு வைக்கிறார். மூன்றாவது ஆள் பணம் இரண்டாவது ஆள் பேரில். இப்படியே சங்கிலி ஓடும். கல்லாவை எண்ணினால் சரியாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "இத்தனாம் தேதி உங்கள் பாக்கி இவ்வளவா?" என்று நேரில் கேட்டு எழுதி வாங்குவது. இதைத்தான் கல்லூரியில் தணிக்கைப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள்.

சின்னக் கடையில் 5,000. பெரிய கம்பெனியில்?

2009-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி. ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனி கணக்கில் ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டியதில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று அவரே ஒப்புக்கொண்டார். நாடே அதிர்ந்தது. ஒரே நாளில் பங்கு விலை விழுந்து, சேமிப்பைப் போட்டவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். போலி பில், போலி வங்கி டெபாசிட் ரசீது. வருஷக்கணக்கில் ஆடிட்டர் கையெழுத்தும் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்புக் கோர்ட்டு 10 பேருக்குத் தண்டனை விதித்தது. அதில் முன்னாள் ஆடிட்டர்கள் இருவரும் அடக்கம். அப்பீலில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018 அக்டோபர் 1-ந் தேதி தனி ஆணையமே அமைத்தார்கள்.

கணக்குப் படிப்பு வெறும் கூட்டல் கழித்தல் அல்ல. "இந்தப் பணம் நிஜமாகவே இருக்கிறதா?" என்று கேட்கப் பழகுவதுதான் அந்தப் படிப்பு. போலீஸ்காரர் கேட்பதும் அதுதானே!

ஜெயிலில் இருந்து வந்த ஆடிட்டர்

ஆடிட்டர் வேலை என்றால் ஆண்கள் வேலை என்று ஒரு காலத்தில் இருந்தது. அதை உடைத்தவர் சென்னைப் பெண்.

பெயர் ஆர்.சிவபோகம். 1907-ம் ஆண்டு பிறந்தவர். மயிலாப்பூர் கடற்கரையில் இருக்கிற ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்து கணக்கியல் படித்து 1933-ல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர்!

ஆனால் ஜெயிலுக்குப் போனவர் ஆடிட்டராகப் பதிவு செய்ய முடியாது என்று சட்டம் குறுக்கே நின்றது. அவர் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்துத் தொழில் நடத்தினார். 1955-ல் இருந்து 1958 வரை ஆடிட்டர்கள் கழகத்தின் தென்னிந்தியப் பிரிவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

பி.காம். சேரப் போகிற தங்கச்சிகள் இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை வழி?

இப்போது அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். பி.காம். முடித்தவன் எங்கே போகலாம்?

முதல் வழி, கடையும் கம்பெனியும். பாண்டி பஜார், உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு பக்கம் போய்ப் பாருங்கள். துணிக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை. எதுவானாலும் கணக்கு எழுத ஆள் வேண்டும். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது.

மாதாமாதம் கணக்குக் காட்டும் கடை என்றால், விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள் ஏற்ற வேண்டும். வரி கட்டி 20-ந் தேதிக்குள் கணக்கு முடிக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம். வியாபாரமே நடக்காத மாதத்துக்குக்கூட தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய். கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி வேறு. இதையெல்லாம் தேதி தவறாமல் பார்க்கிற பையனை எந்த முதலாளியும் விட மாட்டார்.

1986-ல் பெங்களூரில் பிறந்த 'டாலி' மென்பொருள் இன்றைக்குக் கடைக்குக் கடை ஓடுகிறது. ஆனால் டாலி தெரிந்தால் மட்டும் போதாது. எதைப் பற்று எழுதுவது, எதை வரவு எழுதுவது என்று தெரியாதவன் கையில் டாலி கொடுத்தால் தப்பும் வேகமாகத்தான் நடக்கும்!

பி.காம். பட்டதாரி ஜி.எஸ்.டி. பிராக்டீஷனராகவும் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கான பரீட்சையிலும் தேற வேண்டும். தேறினால் நாலு தெருக் கடைகளுக்குச் சேர்த்து கணக்குத் தாக்கல் செய்து கவுரவமாகப் பிழைக்கலாம். முதலீடு ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை.

இரண்டாவது வழி, ஆடிட்டர். அதாவது சி.ஏ. 1949 ஜூலை 1-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்து ஆடிட்டர்கள் கழகம் உருவானது. தென்னிந்திய ஆபீஸ் நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பிளஸ்-2 முடித்தவுடன் பவுண்டேஷன் பரீட்சை எழுதி உள்ளே போகலாம். பி.காம். படிப்பில் 55 சதவீதம் வாங்கினால் பவுண்டேஷன் இல்லாமலே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம்.

இங்கேதான் பல பேர் விழுகிறார்கள். இன்டரில் ஒரு குரூப்புக்கு மூன்று பேப்பர். மொத்தம் 300 மார்க். ஒவ்வொன்றிலும் 40 வாங்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 150 வாங்க வேண்டும். 40, 40, 40 என்று வாங்கியவன் பெயில். 39, 90, 90 என்று வாங்கியவனும் பெயில்! இரண்டு குரூப்பும் தேறிய பிறகு ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பயிற்சி. 2023 ஜூலைக்கு முன்பு சேர்ந்தவர்களுக்கு இது மூன்று வருஷமாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் கொடுப்பது உதவித்தொகைதான். வீட்டை நடத்துகிற சம்பளம் அல்ல. கடைசியில் ஃபைனல்.

பாஸ் செய்தவனுக்குக் கவலை இல்லை. பாஸ் செய்யாமல் ஆறு, ஏழு வருஷம் போராடுகிற வாலிபர்கள் நிறைய. இதையும் வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

மூன்றாவது வழி, காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி. முதலாவதற்கு 1959-ம் ஆண்டு சட்டம். எழும்பூரில் ஆபீஸ். தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய என்ன அடக்கம் என்று கணக்குப் போடுகிற வேலை. இரண்டாவதற்கு 1980-ம் ஆண்டு சட்டம். நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ். கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கிற வேலை.

நாலாவது வழி, சர்க்கார். ஏ.ஜி. ஆபீசில் ஆடிட்டர், அக்கவுண்டன்ட் வேலைக்கு மத்திய பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரிகள் பரீட்சை எழுத வேண்டும். எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம். அன்பழகன் மாளிகையில் இருக்கிற தணிக்கைத் துறை மாதிரி இடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2, 2ஏ. தமிழ் தகுதித் தாளில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்றத் தாளை இந்தப் பரீட்சையில் மதிப்பெண்ணுக்குக் கணக்கிடவே மாட்டார்கள். தமிழ் வழியில் படித்த பையன்கள் பயப்பட வேண்டியதில்லை. தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துகிற டைப்ரைட்டிங், அக்கவுண்டன்சி பரீட்சைகளையும் சாயங்கால நேரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது வழி, வங்கி. கிளார்க், ஆபீசர் பரீட்சைக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

ஆறாவது வழி, பழைய மகாபலிபுரம் சாலை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் பில்லையும் பாக்கியையும் இங்கே உட்கார்ந்து சரி பார்க்கிற வேலை. பி.காம். பையன்களை நிறைய எடுக்கிறார்கள். இங்கிலீஷ் பேச வேண்டும். இரவு ஷிப்டும் வரும். ஒரே மாதிரி பதிவைத் திரும்பத் திரும்பத் தட்டுகிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்யத் தொடங்கிவிட்டதால், தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இனி அங்கே இடம்.

கசப்பான உண்மை

இந்த ஆறு வழியையும் மறுபடி ஒரு தடவை பாருங்கள். ஒன்று புரியும்.

பி.காம். பட்டத்தை மட்டும் நீட்டினால் தானாகத் திறக்கிற கதவு இதில் ஒன்றுகூட இல்லை! சி.ஏ.வுக்குத் தனிப் பரீட்சை. சர்க்காருக்குத் தனிப் பரீட்சை. வங்கிக்குத் தனிப் பரீட்சை. கடைக்குக்கூட நாலு மாதம் கணக்கு எழுதிய பழக்கம் கேட்கிறார்கள்.

மூன்று வருஷம் வகுப்புக்குப் போய்விட்டு, அதன் பிறகு "இனிமேல் என்ன செய்யலாம்?" என்று யோசிக்கிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். எந்தக் கதவு என்று இரண்டாவது வருஷத்துக்குள் முடிவு செய்துவிட்டவன் தப்பித்துக்கொள்கிறான்.

அதோடு சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். அமல் தேதி 2026 ஏப்ரல் 1. ஆக, அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தம்பி வரிப் பாடம் படித்தால் பெயில்தான்.

உஷார்!

இது என் பேட்டை. அதனால் சொல்கிறேன்.

பிளஸ்-2 ரிசல்ட் வந்த மாதத்தில்தான் ஏமாற்றுக்காரர்களுக்கும் சீசன். "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று நோட்டீஸ் ஒட்டி, ஆறு மாத கம்ப்யூட்டர் கணக்கு வகுப்புக்கு முன்பணம் வாங்குவார்கள். உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டால் பேச்சு மாறும்.

"ஏ.ஜி. ஆபீசில் ஆளைத் தெரியும், கருவூலத்தில் ஆளைத் தெரியும், இவ்வளவு கொடுத்தால் ஆர்டர்" என்று ஒருவன் வந்தால் நேரே போலீசுக்குப் போங்கள். பரீட்சை எழுதாமல் இந்த வேலைகளுக்கு வாசல் கிடையாது.

தபாலில் பட்டம் படிக்கிறவர்கள், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். கட்டிய பிறகு பார்த்து என்ன லாபம்?

தம்பி என்ன செய்தான்?

சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு தம்பியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்:

"நீ என்னடா சொல்றே?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கடையில இப்பவே போனா பில் போடுவேன்மா. பத்து வருஷம் ஆனாலும் பில்தான் போடுவேன். படிச்சிட்டுப் போனா, அந்த பில்லை எல்லாம் சரி பார்க்கிற ரூம்ல உட்காருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. நானும் பிளஸ்-2 முடித்த வருஷம் ஒரு வேலை உடனே கிடைத்தது என்று ஓடிப் போனவன்தான். அன்றைக்கு வீட்டுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது எனக்காக யாரும் நந்தனத்தில் இறங்கி ஒரு நாள் சுற்றிப் பார்க்கவில்லை.

மறுநாள் நானும் தம்பியும் அந்த ஜவுளிக் கடைக்காரரைப் போய்ப் பார்த்தோம். உள்ளதைச் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவர் கோபிக்கவில்லை. "படிக்கட்டும் தம்பி. ஞாயித்துக்கிழமையும் தீபாவளி சீசன்லயும் வரட்டும். பில் மேஜையில வேணாம், கணக்கு ரூம்ல உட்காரட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூலி கொஞ்சம்தான். பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். வாடகைப் பாரம் இன்னும் மூன்று வருஷத்துக்கு என் தலையில்தான். பரவாயில்லை.

தம்பி கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகுகிறானாம். வாடகை, பால், காஸ், கரண்ட், மளிகை. எல்லாவற்றுக்கும் ரசீது கேட்டான். அம்மா அஞ்சறைப் பெட்டியில் இருந்துகூட சீட்டு எடுத்துக் கொடுத்தார்.

கடைசி வரியில் ஒரு பதிவு: "அண்ணன், டீ செலவு, இந்த மாதம் ரூ.640. ரசீது இல்லை."

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்னடா பதில்?"

சர்க்கார் ஆபீசில் தணிக்கைக்கு ஆள் வந்தால் ஏன் எல்லாரும் முழிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது!